வாசக நூலின் மஞ்சள் நாடா

எங்கள் கத்தோலிக்கப் பங்குக்கு இந்த வருடம் ஐம்பது வயது. அதற்காக ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். பங்கில் இருக்கும் சாதாரண ஆட்களில் பத்துப் பேரைப் பற்றி, ஆளுக்கு இரண்டு பக்கம், நன்றாகத் தெரிந்தவர்கள் எழுதித் தர வேண்டும் என்று ஃபாதர் கேட்டார். மணி அடிக்கிறவரைப் பற்றி எழுத ஒருவர், பீடத்துக்குப் பூ வைக்கிற அம்மாவைப் பற்றி எழுத ஒருவர் என்று பிரித்துக் கொடுத்துக்கொண்டே வந்தவர், கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"லாண்டரி அக்காவைப் பத்தி நீங்க எழுதிடுங்க. உங்களுக்குத்தான் அவங்களை நல்லாத் தெரியும்."

தெரியும்தான். பொறாமைப்படுகிறவள் பார்க்கிற அளவுக்கு ஒருத்தியை வேறு யாரும் உற்றுப் பார்க்கமாட்டார்கள். எந்த ஞாயிற்றுக்கிழமை அவள் எந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள் என்று கேட்டால்கூட நான் சொல்லுவேன். அதனால் எழுதுகிறேன். இரண்டு பக்கத்தில் அடங்காது என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அவளைப் பற்றிச் சொல்லுமுன் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எனக்குப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, எந்த எண் வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய பை கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருப்பேன். முப்பது வருடமாக ஒரு எண்ணை மாற்றிச் சொன்னதில்லை, ஒரு சொல்லை மென்று விழுங்கியதில்லை. அந்தக் குரலைத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் கடவுளுக்குக் கொடுத்துவந்தேன்.

எங்கள் ஞாயிறு பூசையில், அதாவது திருப்பலியில், பைபிளிலிருந்து மூன்று வாசகங்கள். முதல் இரண்டையும் மக்களில் இருவர் வாசக மேடைக்குப் போய் வாசிப்பார்கள். நடுவில் பாடகர் குழு ஒரு பாடல் பாடும். மூன்றாவதான நற்செய்தியை ஃபாதர் வாசிப்பார். அவள் வரும்வரை முதல் வாசகம் என்றால் நான்தான், இருபத்திரண்டு வருடமாக. பட்டியலில் மற்றவர்கள் பெயர் மாறும், என் பெயர் மாறாது. என் வீட்டுக்காரர் மட்டும் அதை ஒருநாளும் கேட்டதில்லை. என்னை வாசலில் இறக்கிவிட்டு, வண்டிக்குப் பக்கத்தில் நின்று பேப்பர் படிப்பார். "வாரம் முழுக்க வீட்ல கேக்கறேன். அங்கயும் வந்து கேக்கணுமா?" என்பார்.

வாசக நூல் தலையணைத் தடிமன் இருக்கும். முன்பாதியில் ஞாயிறு வாசகங்கள், கடைசிப் பகுதியில் திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் உரியவை. அதன் முதுகிலிருந்து ஒரு மஞ்சள் நாடா தொங்கும். சனிக்கிழமை சாயங்காலம் அந்த நாடாவை மறுநாள் வாசகப் பக்கத்தில் வைத்து மூடுவது என் பொறுப்பு. மறுநாள் வாசிப்பவர் போய் நாடா இருக்கும் இடத்தில் திறந்து வாசிப்பார். முதல் வாசகமும் இரண்டாம் வாசகமும் அடுத்தடுத்து இருப்பதால் ஒரே நாடா போதும். இது பெரிய வேலை இல்லை. ஆனால் வேறு யாரும் தொடக் கூடாது என்று நானே ஃபாதரிடம் சொல்லி வாங்கிக்கொண்ட வேலை.

ஆறு வருடத்துக்கு முன்னால்தான் அவள் எங்கள் பங்குக்கு வந்தாள். அரசு ஆஸ்பத்திரியின் லாண்டரியில் அவளுக்கு வேலை. புருஷனுக்கு அங்கேயே பாய்லர் பார்க்கிற வேலை. இரண்டு பேரும் மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்காருவார்கள். அவர் யாரிடமும் பேசமாட்டார், தலையை மட்டும் ஆட்டுவார். அவள் கைகள் எப்போதும் வெந்நீரில் ஊறியவை போலச் சிவந்திருக்கும். இதற்கு மேல் அவர்களைப் பற்றி நினைக்க எனக்கு அப்போது எந்த அவசியமும் இல்லை.

ஒரு விடுமுறை வாரத்தில் நிலையத்தில் கூட்டம் தாங்காமல் கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. என் இடத்தில் வாசிக்க வேண்டியவர் பங்குப் பேரவைச் செயலாளர். ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறவர். அவர் கண்ணாடியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்து நின்றார். வாசக நேரம் வந்ததும் ஃபாதர் மக்களைப் பார்த்து, "இன்னைக்கு வாசகம் வீட்ல தயார் பண்ணிட்டு வந்தவங்க யாராவது இருக்கீங்களா?" என்றார். எல்லாரும் அவரவர் மடியைப் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது வரிசையில் பாய்லர்க்காரர் தன் மனைவியின் முழங்கையை இடித்தார். அவள் எழுந்து போனாள்.

நாடாவைப் பிடித்துத் திறந்தாள். பக்கத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு நிமிர்ந்து எங்களைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள்.

குரல் ஒன்றும் பெரிதில்லை. என் குரலில் பாதிகூட வராது. ஆனால் சில சொற்களுக்கு முன்னால் அவள் நிற்பாள். வாக்கியம் பாதியில் தொங்கும். அடுத்து என்ன வரப்போகிறது என்று கோயிலே காத்திருக்கும். பிறகு அந்தச் சொல்லை மெதுவாக வைப்பாள். அன்றைக்குக் கைக்குழந்தைகள்கூடச் சத்தம் போடவில்லை. நான் தொண்டையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வயிறு எரிந்தது.

திருப்பலி முடிந்து மண்டபத்தில் டீ குடிக்கும்போது செயலாளர் என்னிடமே வந்து சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வாசிச்சா விஷயம் தெளிவாப் புரியுது. அவங்க வாசிச்சா யாரோ நம்மகிட்டயே பேசற மாதிரி இருக்கு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

இருபத்திரண்டு வருடத்தில் யார் கண்ணிலும் நான் ஒரு சொட்டு வரவழைத்ததில்லை. ஆணி விற்கிறவர் கண்ணில் அவள் ஒரே நாளில் வரவழைத்துவிட்டாள்.

அதிலிருந்து அவள் பெயரும் பட்டியலில் ஏறியது. மாதம் ஒன்று, பிறகு இரண்டு. என்னை இரண்டாம் வாசகத்துக்கு இறக்கினார்கள். "மாறி மாறி வாசிக்கட்டுமே" என்று ஃபாதர் நயமாகச் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டே, "அதுக்கென்ன ஃபாதர்" என்றேன்.

எனக்கு எரிச்சல் வந்தால் மரியாதை கூடிவிடும். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள், என்னை வாய் நிறைய அக்கா என்கிறாள். நான் அவளை 'நீங்க, வாங்க' என்று பேசியே தூரத்தில் வைத்தேன். பட்டியல் வாசலிலேயே அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும். அவள் அதைத் தாண்டி வந்து என்னிடம் கேட்பாள்.

"அக்கா, அடுத்து எனக்கு எந்த ஞாயிறு? என்ன வாசகம்?"

"போர்டுல ஒட்டியிருக்கே, நீங்க பாக்கலயா?"

"நீங்க சொன்னா மனசுல நிக்கும்க்கா."

திமிரைப் பார் என்று நினைத்துக்கொண்டு சொல்லுவேன். பாட்டுப் புத்தகத்தையும் அவள் கையில் எடுக்கமாட்டாள். எல்லாரும் பக்கத்தைத் தேடிக்கொண்டிருக்க, அவள் கைகட்டி நின்று பாடுவாள். எல்லாம் மனப்பாடமாம், நாம் பார்த்து மெச்ச வேண்டுமாம். இப்படி அவள் செய்வது ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு குற்றம் எழுதி வைத்திருந்தேன்.

அந்த நிறுத்தத்தை நானும் பழகிப் பார்த்தேன். அடுக்களையில் நின்று, ஒரு வரியைச் சொல்லிப் பாதியில் நிறுத்தினேன். ஹாலில் இருந்து வீட்டுக்காரர், "என்ன, மறந்துட்டியா?" என்றார். ஒருநாள் வேலையிலும் செய்து பார்த்தேன். "நான்காம் நடைமேடையிலிருந்து பதினேழாம் எண் பேருந்து..." என்று சொல்லி, மனதுக்குள் ஐந்து எண்ணி, பிறகு "புறப்படும்" என்றேன். பயணிகள் எல்லாரும் தலையைத் தூக்கி ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள். நேரக் காப்பாளர் பக்கத்து அறையிலிருந்து கண்ணாடியைத் தட்டி, "மைக் போச்சா?" என்று கேட்டார். அவளுக்குக் கோயிலே அடங்குகிறது, எனக்கு மைக் ரிப்பேர் என்கிறார்கள்.

ஃபாதரிடம் பாவங்களை அறிக்கையிடுகிற பாவசங்கீர்த்தனத்தில் பொறாமை என்று ஒரு சொல்லில் சொன்னேன். அவளுக்காக ஒரு வாரம் ஜெபம் செய்யச் சொன்னார் ஃபாதர். ஏழு நாளும் முழங்காலில் நின்று செய்தேன். இன்னும் நல்ல ஆஸ்பத்திரியாக, வேறு ஊரில், கூடுதல் பதவியோடு அவளுக்கு மாற்றல் கிடைக்க வேண்டும் என்று மனமுருகிக் கேட்டேன். கடவுளுக்கு என்னை நன்றாகத் தெரியும் போலிருக்கிறது. கொடுக்கவில்லை.

இப்படி ஒன்றரை வருடம் போனது. அப்போதுதான் ஆயர், அதாவது பிஷப், வருகிறார் என்ற செய்தி வந்தது. பங்குக்கு ஒருவரைத் தேர்ந்து, பேராலயத்தில் வைத்து, ஆயரே வாசக நூலைக் கையில் கொடுத்து வாசகராக நியமிக்கப் போகிறாராம். பட்டியலில் பெயர் வருவது வேறு, இது வேறு. ஆயுளுக்கும் நிற்கிற பணி. ஆயர் எங்கள் பங்கைப் பார்க்க வரும் ஞாயிறன்று அவள் முதல் வாசகம், நான் இரண்டாம் வாசகம். இரண்டு பேரையும் ஆயர் கேட்பார், பிறகு ஒரு பெயரை அனுப்பலாம் என்று ஃபாதர் எங்களை நிறுத்தி வைத்துச் சொன்னார். அவள், "அக்காவுக்கே குடுத்துடுங்க ஃபாதர்" என்றாள். பெருந்தன்மை வேறு. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த நூலை என் கையில் வாங்க வேண்டும், அவள் பார்த்துக்கொண்டிருக்க வாங்க வேண்டும். இதைத் தவிர அந்த மாதத்தில் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

ஆயர் வருவதற்கு முதல் நாள், சனிக்கிழமை, கடிகாரம் பழுது பார்க்கிற பெரியவர் ஒருவரின் அடக்கத் திருப்பலி நடந்தது. அது முடிந்து எல்லாரும் கல்லறைக்குப் போனபின், நாடாவை வைக்க நான் போனேன். நூலைத் திறந்தேன். நாடா கடைசிப் பகுதியில், அடக்க வாசகத்தில் இருந்தது. அதை எடுத்து முன்னால், மறுநாள் பக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். அரை நிமிட வேலை.

நாடாவை விரலில் பிடித்துக்கொண்டு நின்றேன். நாளை அவள் திறந்ததும் அடக்க வாசகம் வந்து நிற்கும். தெரியாமல் அதையே வாசித்தாலும் வாசிப்பாள். தெரிந்தால் நூலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தேடுவாள். ஆயர் பார்ப்பார். எப்படியும் என் முறை வருவதற்குள் யாராவது சரியான பக்கத்தை எடுத்துக் கொடுத்திருப்பார்கள், எனக்கு ஒன்றும் ஆகாது. இவ்வளவையும் அங்கேயே நின்று கணக்குப் போட்டேன். பிறகு நாடாவை இருந்த இடத்திலேயே விட்டு நூலை மூடினேன். நான் ஒன்றும் செய்யவில்லையே என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் கோயில் நிரம்பி வழிந்தது. ஆயர் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவள் போனாள், வணங்கினாள், நாடாவைப் பிடித்துத் திறந்தாள். பக்கத்தைப் பார்த்தாள். மாட்டிக்கொண்டாள், இதோ தேடப்போகிறாள் என்று இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டேன்.

அவள் நிமிர்ந்தாள். காய்ந்த நிலத்துக்குத் தண்ணீர் வரும் என்று இறைவாக்கினர் சொல்கிற அந்த நாளின் வாசகத்தை, எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் சொல்ல ஆரம்பித்தாள். பாலைநிலம் என்ற சொல்லுக்கு முன்னால் வழக்கம்போல நின்றாள். அந்த நிறுத்தத்தில் ஆயரே தலையைத் தூக்கிப் பார்த்தார். முடித்துவிட்டு, நூலில் கை படாமல், மேடையை விட்டு இறங்கினாள்.

யாரோ காலையில் வந்து நாடாவை மாற்றிவிட்டார்கள், அவளுக்கு யோகம் என்று நினைத்தேன். பாடல் முடிந்தது. நான் எழுந்து போனேன். நூல் திறந்தே இருந்தது. குனிந்து பார்த்தேன். அடக்க வாசகம்.

அவள் ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை. கண்முன்னால் ஒன்று இருக்க, வாயால் வேறொன்றைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். போர்டைப் பார்க்காமல் என்னிடம் வந்து கேட்டது, பாட்டுப் புத்தகத்தைத் தொடாதது எல்லாம் ஒரே நொடியில் எனக்கு விளங்கியது. அவளுக்கு எழுத்து தெரியாது.

விளங்கி என்ன செய்ய, இரண்டாம் வாசகம் எனக்கு வேண்டுமே. பக்கங்களைத் தள்ளினேன். ஒட்டிக்கொண்டு வந்தன. காகிதச் சத்தத்தை மைக் கோயில் முழுவதும் கேட்க வைத்தது. விரலை எச்சில் தொட்டுத் திருப்பினேன், ஆயர் முன்னிலையில். ஒருவர் இருமினார். இன்னொருவர் சேர்ந்து இருமினார். கண்டுபிடிப்பதற்குள் உடுப்பு முதுகோடு ஒட்டிவிட்டது. கடைசியில் கிடைத்ததை, மூச்சு வாங்கிக்கொண்டு, இரண்டு இடத்தில் தப்பாக வாசித்துவிட்டு இறங்கினேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை. வாசலில் செயலாளர், "பரவாயில்ல, எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்றார். அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

அன்று சாயங்காலமே ஃபாதர் அவள் பெயரை எழுதிவிட்டார் என்று தெரிந்தது. எனக்கு அழுகை வரவில்லை. என்னிடம் இப்போது ஒரு விஷயம் இருந்தது. எழுத்து தெரியாதவளை எப்படி வாசகராக நியமிக்க முடியும்? ஒரு வார்த்தை போதும். மூன்று நாள் அந்த வார்த்தையை வாயில் வைத்துக் குதப்பிக்கொண்டிருந்தேன். நேரே ஃபாதரிடம் போகாமல் முதலில் அவளிடமே போய்க் கேட்க வேண்டும், அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. புதன்கிழமை மதியம் லாண்டரிக்குப் போனேன்.

உணவு இடைவேளை. இயந்திரங்கள் நின்றிருந்தன. சோப்பும் சூடான துணியும் கலந்த வாசனை. கதவு பாதி திறந்திருந்தது. அவளும் புருஷனும் எதிரெதிரே நின்று ஒரு போர்வையின் முனைகளைப் பிடித்திருந்தார்கள். அவருக்கு எதிரே இருந்த அலமாரியில் ஒரு தாள் துணிக் கிளிப்பால் மாட்டியிருந்தது. அதில் பெரிய எழுத்தில் அடுத்த ஞாயிறு வாசகம். அவர் ஒரு வரியை வாசிப்பார். இரண்டு பேரும் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து போர்வையை மடிப்பார்கள். மடித்து முடிக்கையில் அவள் அந்த வரியைச் சொல்லுவாள். பிறகு அடுத்த போர்வை, அடுத்த வரி.

அவருக்குத் திக்குவாய். அவர் ஏன் யாரிடமும் பேசுவதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. களைத்துப் போனவர்களைப் பற்றிய ஒரு வரியில் வந்து அவர் நின்றார்.

"ப... ப... ப..."

அவள் போர்வையைப் பிடித்தபடி காத்திருந்தாள். எடுத்துக் கொடுக்கவில்லை, அவசரப்படுத்தவில்லை, வேறு பக்கம் பார்க்கவும் இல்லை. அவர் கழுத்து நரம்பு புடைத்து, கடைசியில் "பலம்" என்று வந்தது. இருவரும் நடந்து வந்து மடித்தார்கள். பிறகு அவள் அந்த வரியைச் சொன்னாள். அவர் நின்ற இடத்தில், அவர் நின்ற நேரம் நின்று, அந்தச் சொல்லை மெதுவாக வைத்தாள்.

நான் அடுக்களையில் நின்று பழகியது இதைத்தான். செயலாளர் கண்ணீர் விட்டது இதற்குத்தான். பாலைநிலத்துக்கு முன்னால் ஆயர் தலை தூக்கியதும் இதற்குத்தான். பாய்லர்க்காரர் திக்குகிற இடங்களை அவள் ஒன்றுவிடாமல் கோயிலுக்குக் கொண்டுவந்திருக்கிறாள்.

எனக்குப் பொறாமை போய்விட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும். போகவில்லை. அதிகமானது. குரலுக்காகப் பட்டது போக, இப்போது அந்தப் போர்வைக்காகவும் பட்டேன். எனக்காக ஒருவர் வாசலைத் தாண்டி உள்ளேகூட வந்ததில்லை.

அவள் என்னைப் பார்த்துவிட்டாள். "அக்கா, வாங்க, வாங்க" என்று ஓடிவந்து, காலித் துணிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னாள். நான் உட்காராமலே கேட்டேன்.

"உங்களுக்குப் படிக்கத் தெரியாதா?"

"தெரியாதுக்கா" என்றாள், மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வதைப் போல. "சின்னதுல பள்ளிக்கூடம் போகல. இவருக்கு வாசகம்னா உயிரு. வாய் வராது. எனக்குச் சொல்லித் தருவாரு, நான் சொல்லுவேன். வீட்ல ரெண்டு பேருக்கும் அதுதான் பொழுதுபோக்கு. அன்னைக்கு ஃபாதர் கேட்டப்ப இவரு இடிச்சாரு, போயிட்டேன்."

"ஃபாதருக்குத் தெரியுமா?"

"காலைலதான் போய்ச் சொல்லிட்டு வந்தேன். எம்பேரை எடுத்துடுங்க, அக்கா பேரைப் போடுங்கன்னு சொல்லிட்டேன்."

நான் எதிர்பார்த்துப் போன முகம் இது இல்லை. "ஏன்?" என்றேன்.

அவள் சிவந்த கைகள் இரண்டையும் என் முன்னால் விரித்துக் காட்டினாள். "உங்களை நான் கெடுத்துட்டேன்க்கா. நீங்க சனிக்கிழமை ஒழுங்கா வெச்சிட்டுப் போனதை, திறக்கும்போது என் கை பட்டு நாடா நழுவிப் பக்கம் மாறியிருக்கும். பாத்தா எனக்குத் தெரியவா போகுது? நான் பாட்டுக்கு இறங்கி வந்துட்டேன். நீங்க அங்க நின்னு தேடினதைப் பாத்து எனக்கு உசுரே போச்சு. மூணு நாளா இவர்கிட்ட இதையேதான் சொல்லிட்டு இருக்கேன். படிக்கத் தெரியாதவ புத்தகத்தைத் தொடக் கூடாது. எம்மேல கோவமாக்கா?"

புருஷன் போர்வையோடு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். நாடா நழுவவில்லை, நான்தான் விட்டேன். வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் அவள் மறுபடி மேடை ஏறுவாள். என் பெயர் போகும், இருபத்திரண்டு வருடம் போகும்.

"ஆமா, கை பட்டிருக்கும். கோவமெல்லாம் இல்லம்மா" என்றேன். முதல் தடவையாக அவளை அம்மா என்றேன்.

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. டீ போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

ஃபாதர் அவளை விடவில்லை. நியமனம் வேண்டாம் என்றால் சரி, எப்போதும்போல மாதம் ஒன்று சொல்லலாமே என்று இரண்டு தடவை கூப்பிட்டுப் பேசினார். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். தன் கை பட்டு இன்னொருவர் பக்கம் மாறிவிடும் என்ற பயம் அவளுக்கு. தொண்டையில் ஏதோ கோளாறாம், அதனால்தான் வாசிப்பதில்லை என்று பங்கில் பேசிக்கொண்டார்கள். நானும் யாரையும் திருத்தவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பேராலயத்தில் ஆயர் நூலை என் கையில் கொடுத்தார். அவள் புருஷனோடு இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். நான் ஆசைப்பட்டபடியே, அவள் பார்த்துக்கொண்டிருக்க வாங்கினேன். என் வீட்டுக்காரர் வெளியே பார்க்கிங்கில் இருந்தார்.

நாடா விஷயத்தை ஒருமுறை பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "அவங்ககிட்டயே சொல்லிடுங்க" என்றார் ஃபாதர். அதிலிருந்து பாவசங்கீர்த்தனத்துக்குப் பக்கத்துப் பங்குக்குப் போகிறேன். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை எங்கள் ஃபாதர் வெளியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, சொல்லவும் இல்லை. அவளைப் பற்றி எழுத என்னைக் கேட்டது தற்செயலாகவும் இருக்கலாம்.

நாலு வருடமாகிறது. அவள் இன்னும் அதே மூன்றாவது வரிசையில்தான் உட்காருகிறாள். இன்னும் வாராவாரம் போர்வை மடித்து வாசகத்தை மனப்பாடம் செய்துகொண்டுதான் வருகிறாள். அது எப்படி எனக்குத் தெரியும் என்றால், நான் மேடையில் நிற்கும்போது அவள் உதடுகள் அசைகின்றன. என்னைத் தொடர்ந்து அல்ல. எனக்கு ஒரு சொல் முன்னால் போகின்றன. சில இடங்களில் நிற்கின்றன. அவை நிற்கும்போது நானும் நின்றுவிடுகிறேன். வேண்டுமென்று செய்வதில்லை, தானாக நடக்கிறது. போன மாதம் செயலாளர் என்னை நிறுத்தி, "இப்பல்லாம் உங்க வாசிப்புல ஒரு அமைதி வந்திருக்கு. அன்னைக்கு எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு" என்றார். நன்றி என்று சொன்னேன். மூன்றாவது வரிசையில் இருந்து வந்த கண்ணீரை என் கணக்கில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, யார் மேல் என்று தெரியாத கோபத்தில் பாத்திரங்களை உருட்டினேன்.

மலருக்கு எழுத உட்கார்ந்தபோது இரண்டு பக்கத்தில் நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். உழைப்பாளி, பக்தியுள்ளவள், எளிமையானவள் என்று மூன்று வரி எழுதியும்விட்டேன். நாலாவது வரியில் நாடா வந்துவிட்டது.

இதை ஃபாதரிடம் கொடுக்கும் முன் லாண்டரிக்குக் கொண்டுபோகப் போகிறேன். அச்சில் வரலாமா கூடாதா என்று அவள்தான் சொல்ல வேண்டும். பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன், அலமாரியில் மாட்டினால் எட்டத்திலிருந்து தெரியும். அவளால் இதைப் படிக்க முடியாது. மதிய இடைவேளையில் அவர்தான் வரிவரியாக வாசிக்க வேண்டும், நான் கதவுக்குப் பக்கத்தில் நிற்பேன். பாலைநிலத்திலும் பலத்திலும் நின்றவர், பொறாமை என்ற சொல் வரும் இடத்திலெல்லாம் கட்டாயம் நிற்பார். போர்வையைப் பிடித்தபடி அவள் காத்திருப்பாள்.